அசைந்தால் அமீபா

ஜூன் 3, திங்கள்

மெடிக்கல் ரெப் ஜனவரியில் கொடுத்த டைரி இது. அலமாரியில் கிடந்ததை வடிவு இன்று எடுத்து நீட்டினாள். "எழுதுதியளா, இல்ல பழைய பேப்பர்க்காரன்ட்ட போட்டுரட்டா?" என்றாள். என் பெண்டாட்டி எதையும் இரண்டாம் முறை கேட்கிறவள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் திரவியம். தென்காசியில் ஒரு லேப்பில் டெக்னீஷியன். ரத்தத்தையும் சிறுநீரையும் இப்போது மெஷினே பார்த்துச் சீட்டு அடித்துவிடுகிறது. மோஷனுக்கு மட்டும் இன்னும் மனுசக் கண்தான் வேண்டும். மலம் என்று சொன்னால் வருகிறவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். மோஷன் என்றால் மரியாதையாக டப்பாவை நீட்டுகிறார்கள். சங்கதி ஒன்றுதான்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, இந்த வேலையில் பாதி நேரம் புழு இல்லாததைப் புழு இல்லை என்று சொல்வதிலேயே போய்விடும். மைக்ராஸ்கோப்பில் எல்லாமே வேஷம் போட்டுக்கொண்டு வரும். காற்றுக் குமிழி முட்டைபோல் நிற்கும். உருளைக்கிழங்கு மாவு அமீபாவின் கூடுபோல் இருக்கும், அயோடின் ஒரு சொட்டு விட்டால் நீலமாகி மானம் போய்விடும். கீரைத் தண்டின் நரம்பு சுருள் சுருளாகப் புழுவைப் போலவே கிடக்கும்.

இன்று ஜெபராணி ஒரு ஸ்லைடைப் பார்த்துவிட்டு என்னிடம் நகர்த்தினாள். அவளும் நானும் ஒரே வருஷம் இந்த லேப்பில் சேர்ந்தவர்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒருவருக்குப் பூச்சியோ புழுவோ தென்பட்டால், அடுத்தவரும் பார்த்த பிறகுதான் ரிப்போர்ட் போகும். முதல் ஆள் தான் கண்டது என்ன என்று வாய் திறக்கக் கூடாது. சொல்லிவிட்டால் அடுத்த கண்ணும் அதையே காணும். இருவரும் வேறு வேறாகச் சொன்னால் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். தோற்றவர் முக்குக் கடையில் உளுந்த வடை வாங்கி வர வேண்டும்.

அவள் கொக்கிப்புழுக் குஞ்சு என்றாள். நான் செடியின் ரோமம் என்றேன். குஞ்சுக்கு உள்ளே குடல் தெரியும், இரண்டு முனையும் ஒழுங்காக முடியும். இதற்கு ஒரு முனை ஒடித்த ஈர்க்குபோல் இருந்தது. ஜெபராணி இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "சரி, வடைதான்" என்று எழுந்து போனாள். போன மாதம் நான் மகரந்தத்தை உருண்டைப்புழு முட்டை என்று சொல்லித் தோற்றேன். அதற்கு அவள் ஒரு வாரம் சிரித்தாள்.

வயிறு சரியில்லை. வடை ஒன்றுக்குமேல் தின்னவில்லை.

ஜூன் 6, வியாழன்

லெச்சுமணப் பெருமாள் வந்திருந்தார். தபால் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். பெண்டாட்டி போன பிறகு தனியாகப் பொங்கித் தின்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பழைய மாத்திரைப் புட்டியோடு வந்துவிடுவார். உள்ளே அவருடைய வயிற்றில் இருந்து வந்த "புழு" இருக்கும்.

"இன்னைக்கு மாட்டிக்கிட்டு வே. கறுப்பா, நூலு மாதிரி, நெளியுது."

நெளியவில்லை. புட்டியை ஆட்டினால் எதுதான் நெளியாது. வாழைப்பழத்தின் நடுவில் இருக்கும் விதை நார் அது. சலைன் உப்புநீரில் போட்டு, மேலே கவர் ஸ்லிப் கண்ணாடி மூடி, மைக்ராஸ்கோப்பில் அவருக்கே காட்டினேன்.

"நேத்து என்ன பழம் சாப்பிட்டிய?"

"கோழிக்கூடு. அதுக்கென்ன?"

"அதுதான் இது."

"நல்லா பாத்தீரா?"

"பாத்தேன்."

"அந்தப் பொம்பளப் பிள்ளையும் பாக்கட்டும்."

ஜெபராணியும் பார்த்தாள். வாழைப்பழம் என்றாள். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. நோய் இல்லை என்று சொன்னால் இப்படி வருத்தப்படுகிற மனுசனை நான் பார்த்ததில்லை.

ஜூன் 8, சனி

இன்றும் மோஷனில் கொஞ்சம் ரத்தம். மூலமாக இருக்கும். புரோட்டாவை நிறுத்த வேண்டும்.

ஜூன் 12, புதன்

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் எங்கள் லேப்பிலும் கூட்டம் விழும். அருவியில் குளித்துவிட்டுக் கண்ட கடையில் கண்டதைத் தின்றுவிட்டு, மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

இன்று புனலூர்க்காரப் பையன் ஒருவன், லாரி டிரைவர். சாம்பிள் கொடுத்த சூட்டிலேயே ஸ்லைடு போட்டேன். பார்த்ததும் சந்தோஷமாகிவிட்டது. அவனுக்கு நோய், எனக்குச் சந்தோஷம். இந்தப் பிழைப்பு அப்படி. உயிருள்ள அமீபா. ஒரு பக்கமாக விரல் நீட்டியதுபோல் நீட்டுகிறது, உடம்பு முழுவதும் அதற்குள் வழிந்து போகிறது, மறுபடி நீட்டுகிறது. போகிற திசை தெரிந்து போகிறது. அதன் வயிற்றுக்குள் அவனுடைய ரத்த அணுக்கள் நாலைந்து. ஒன்றும் சொல்லாமல் ஜெபராணியிடம் நகர்த்தினேன். "ஓடுதுலா" என்றாள். வடை யாருக்கும் இல்லை.

இதற்கு ஒரு போலி உண்டு. நம் உடம்பிலேயே துப்புரவு பார்க்கிற அணு, மேக்ரோஃபேஜ். குடலில் புண்ணோ வேறு கோளாறோ இருந்து ரத்தம் கசிந்தால், இது வந்து ரத்த அணுக்களை விழுங்கிக்கொண்டு உருண்டு நிற்கும். அளவும் கிட்டத்தட்ட அதே அளவு. அவசரக்காரன் அமீபா என்று எழுதிவிடுவான். டாக்டரும் அமீபா மாத்திரை எழுதுவார். உள்ளே இருக்கிற அசல் நோய் பாட்டுக்கு வளரும். எத்தனை லேப்பில் இது நடக்கிறது என்று கணக்கு எடுத்தால் வயிறு எரியும்.

எப்படிப் பிரிப்பது? மேக்ரோஃபேஜின் நடுக்கரு பெரிதாகக் கோணலாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் அது எங்கும் போகாது. அசைந்தால் அமீபா. அசையாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இன்னொரு சாம்பிள் கேட்க வேண்டும்.

ஜூன் 15, சனி

காலையில் லேப்புக்குச் சீக்கிரம் போய் என் மோஷனை நானே பார்த்தேன். மூலம் என்றால் ரத்தம் மேலாக இருக்கும், இது கலந்து வருகிறது. அதனால்தான்.

ரத்த அணுக்கள் நிறைய. சீழ் அணுக்களும் உண்டு. ரத்த அணுவை விழுங்கிய பெரிய அணுக்கள், நான் பார்த்த இடத்தில் எல்லாம் இருக்கின்றன. அமீபா.

அசையவில்லை. சாரல் குளிருக்கு அமீபா மந்தமாகிவிடும். அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

அமீபா மாத்திரை வாங்கிக்கொண்டேன். ஜெபராணி வருவதற்குள் ஸ்லைடைக் கழிவு டப்பாவில் போட்டுவிட்டேன். இதற்குப் போய் அவளைத் தொந்தரவு செய்வானேன்.

ஜூன் 16, ஞாயிறு

மாத்திரை வாயைக் கெடுத்துவிட்டது. காபி இரும்பை நக்கியதுபோல் இருக்கிறது. வடிவு ஆட்டுக்கால் சூப் வைத்தாள். பாதியை அவள் பார்க்காதபோது தொட்டியில் ஊற்றினேன்.

ஜூன் 20, வியாழன்

அண்ணனின் திதி. சுடலைமுத்து அண்ணன் போய் மூன்று வருஷம் ஆகிறது. மதினி வந்திருந்தாள். வடிவும் அவளும் அடுப்படியில் இருந்து என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் எட்டிப் பார்த்ததும் பேச்சு சாம்பாருக்கு மாறியது.

சாப்பிட உட்காரும்போது பெல்ட்டை ஒரு ஓட்டை இறுக்கினேன். மதினி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஓட்ட புதுசா போட்டியளோ கொழுந்தனாரே?"

"பெல்ட்டு தொளதொளன்னு ஆயிட்டு மதினி. பழசு."

"உங்க அண்ணனும் ஆணிய வச்சிப் புது ஓட்ட போட்டாவ. பெல்ட்டு பழசுன்னுதான் சொன்னாவ."

அண்ணன் ஒரு வருஷம் மூலத்துக்கு நாட்டு மருந்து தின்றார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குடலில் கட்டி, கல்லீரல் வரை போயிருந்தது. போகும்போது அவருக்கு ஐம்பத்தொன்று. அவரிடம் ஒரு சாம்பிள் கொண்டுவாருங்கள் என்று நான் பலமுறை சொன்னேன். "என் பீயப் பாத்து நீ என்னலே கண்டுபிடிக்கப் போற" என்பார்.

எனக்கு அப்படி இல்லை. நான் பார்த்துவிட்டேன். எனக்கு அமீபா. மாத்திரைக்குப் பிறகு இரண்டு நாளாக ரத்தம் குறைந்திருக்கிறது.

ஜூன் 24, திங்கள்

பெருமாள். இந்த முறை வெள்ளையாக, நீளமாக, வழவழவென்று. சேமியா. பாயசமா உப்புமாவா என்று மட்டும் கேட்டேன்.

"உப்புமா. நானே கிண்டுனது" என்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் இல்லாததால் நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உண்மையில் எனக்கும் நிற்கத் தெம்பு இல்லை.

"ஒமக்குப் புழு இருக்கணும்னு அப்பிடி என்ன ஆசை?" என்று கேட்டேன். மூன்று வருஷமாகக் கேட்க நினைத்த கேள்வி.

"வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது வே. ராவும் பகலும் பண்ணுது. அது புழுவா இருந்தா நல்லது. ஒத்த மாத்திரையில போயிரும். புழு இல்லன்னா அது என்னன்னு யோசிக்கணும்லா?"

"நம்ம மாடில இருக்க டாக்டர் மீரான் ஸ்கேன் எல்லாம் எடுத்துட்டாருலா. ஒமக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரே."

"அவரு சொல்லுவாரு" என்றார் பெருமாள். புட்டியைக் கழுவி வாங்கிக்கொண்டு போனார்.

இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதினேன் என்று தெரியவில்லை. கிழவருக்குப் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஜூன் 27, வியாழன்

ரத்தம் மறுபடி. சாம்பிள் எடுத்தேன். இந்த முறை குளிரின்மேல் பழி போட முடியாதபடி சலைனைச் சூடாக்கினேன், ஸ்லைடையும் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினேன். எடுத்த உடனே பார்த்தேன். அதைவிடச் சூடான சாம்பிள் உலகத்தில் கிடையாது.

அசையவில்லை. மாத்திரை சாப்பிட்ட உடம்பு, அமீபா அரை உயிராகக் கிடக்கும். செத்துக்கொண்டிருக்கிற பூச்சி எப்படி ஓடும். வேறு மாத்திரை, கொஞ்சம் வீரியமானது, ஐந்து நாளைக்கு.

டாக்டர் மீரான் மாடியில் இருந்து இறங்கியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். "என்னவே, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கீரு. ரத்தம் பாத்தீரா?" பார்க்கிறேன் என்றேன். பார்த்தேன். ஹீமோகுளோபின் ஒன்பது என்று அடித்தது. மெஷினில் ஏதோ கோளாறு. கழுவிவிட்டு மறுபடி வைத்தேன், அதே ஒன்பது. ஜெபராணியின் ரத்தத்தையும் வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு சாக்குச் சொல்லிக் குத்தினேன். அவளுக்குப் பன்னிரண்டரை என்று சரியாக அடித்தது.

கம்பெனிக்குப் போன் போட்டு மெஷினைப் பார்க்க ஆள் அனுப்பச் சொல்ல வேண்டும்.

ஜூன் 29, சனி

போன் போடவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

இன்று ஜெபராணியிடம் கத்திவிட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் தப்பு அவள் பேரில்தான் என்று அப்போது பட்டது.

ஆய்க்குடியில் இருந்து வந்த ஒரு பாட்டியின் சாம்பிள். ஜெபராணி வெகுநேரம் பார்த்தாள். பிறகு நகர்த்தினாள். நான் பார்த்தேன். மேக்ரோஃபேஜ். கரு கோணலாக, பெரிதாக. ஒரே இடத்தில் உருண்டு கிடக்கிறது.

"அமீபாவா இருக்குமோ அண்ணாச்சி? உள்ள ரத்தம்லாம் இருக்கு" என்றாள். கேட்டாள், அவ்வளவுதான். எழுதக்கூட இல்லை.

"அசையுதா?"

"இல்ல. ரூமு குளுருதுலா, அதான்..."

"குளுருன்னு சொல்லி எத்தன பேரக் கொல்லுவ? அசையாதத அமீபான்னு எழுதுனா அந்தக் கிழவி மாத்திரையத் தின்னுட்டு வீட்டுல கெடக்கும். உள்ள இருக்கது உள்ளயே இருக்கும். புது சாம்பிள் கேளு, சூடா பாரு, அப்பமும் அசையலேன்னா அமீபா இல்ல. இவ்வளவுதான். ஆசப்பட்டுப் பாத்தா எல்லாமே அமீபாதான்."

ரிசப்ஷன் வரைக்கும் கேட்டிருக்கும். ஜெபராணி மைக்ராஸ்கோப்பில் இருந்து நிமிர்ந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டு, "உங்களுக்கு என்ன செய்யுது அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் செய்யல."

"ஒரு மாசமா வடை வேண்டாங்கிய. நீங்க செயிச்ச வடையயும் நாந்தான் திங்கேன்."

டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

என்ன நடந்ததோ அதை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஐந்து நாள் மாத்திரை முடிந்தது. ரத்தம் நிற்கவில்லை. எனக்கு அமீபா என்பதில் சந்தேகம் இல்லை, ஆனால் எங்கள் லேப்பின் வழக்கப்படி இன்னொரு கண் பார்க்கவில்லை. அதை முடித்துவிடலாம் என்று காலையில் சாம்பிள் எடுத்து ஸ்லைடு போட்டேன். டப்பாவில் பெயர் எழுத வேண்டும். என் பெயரை எழுத முடியாது. வாயில் வந்ததை எழுதினேன்: சுடலைமுத்து, வயது 51.

ஜெபராணி வந்து பையை வைத்ததும் ஸ்லைடை நகர்த்தினேன். வழக்கப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவள் பார்த்தாள். ஒரு மூலையில் இருந்து மறு மூலை வரை, கோலத்துக்குப் புள்ளி வைக்கிறதுபோல வரிசை வரிசையாகப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாரலில் எதிர்க் கட்டிடம்கூடத் தெரியவில்லை.

"அமீபா இல்ல" என்றாள். "மேக்ரோஃபேஜு. கொள்ளையா இருக்கு. ரத்தமும் கொள்ளையா இருக்கு."

"எனக்கு அமீபான்னு தோணுது."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "உங்களுக்கா? இதா?"

சேர்ந்து உட்கார்ந்தோம். ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்தோம். சுடுதண்ணீர் டம்ளரை ஸ்லைடுக்கு அருகில் வைத்தோம். ஒரே ஒரு அணுவைத் தேர்ந்தெடுத்து, அதையே மாறி மாறிப் பார்த்தோம். "இது அசைஞ்சா நான் வருசம் பூரா வடை வாங்கித் தாரேன்" என்றாள். நான் அதை எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. அசைந்துவிடு, சவமே, கொஞ்சம் அசைந்துவிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியபோது ஒருதரம் அசைந்ததுபோல் இருந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். அது அங்கேயேதான் இருந்தது.

"சாம்பிள் பழசோ என்னமோ. ஆள வரச் சொல்லுங்க அண்ணாச்சி, சூடா ஒண்ணு வாங்கிப் பாப்போம்."

"சூடாத்தான் எடுத்தது. இப்பத்தான்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? யாரும் வரலயே. ரிசப்ஷன் இன்னும் தொறக்கவே இல்லயே."

அவள் டப்பாவை எடுத்துப் பெயரைப் படித்தாள். அண்ணன் இறந்தபோது ஜெபராணி மாலை வாங்கிக்கொண்டு வந்தவள். கல்யாணப் பத்திரிகை அடிப்பதில் இருந்து காடாத்து வரை எங்கள் குடும்பத்தில் அவளுக்குத் தெரியாத பெயர் கிடையாது.

டப்பாவைத் திரும்ப வைத்தாள். மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தாள்.

"டாக்டர்ட்ட நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

அமீபாதான் என்றேன். அவள் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். பயமாக இருக்கிறது. இந்த வார்த்தையை ஒரு மாதமாக எழுதாமல் இருந்தேன்.

ஜூலை 6, சனி

லீவு. சாரல். வடிவு கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

ஜெபராணி போன் செய்தாள். எடுக்கவில்லை. சர்ச்சில் இருந்தே கூப்பிட்டிருப்பாள், எடுத்திருந்தால் பின்னால் மணிச் சத்தம் கேட்டிருக்கும். எடுத்தால் ஜெபம் பண்ணினேன் என்பாள். அதைக் கேட்டால் நான் உடைந்துபோவேன்.

அண்ணனை நான் அப்போது என்னவெல்லாம் திட்டினேன். படித்தவன் பேச்சைக் கேட்காத மூதி என்றேன். அவருக்காவது மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தெரியாது.

ஜூலை 8, திங்கள்

முக்குக் கடையில் முதல் ஈட்டு வடை வாங்கினேன். இன்னும் எண்ணெய் காயாத வடை. லேப்பைத் திறந்து, அவளுடைய மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் பொட்டலத்தை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜெபராணி வந்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள். "என்னது?"

"வடை."

"எதுக்கு?"

"தோத்துட்டேன்லா."

அவள் பையைத் தோளில் இருந்து இறக்கவே இல்லை, அப்படியே நின்றாள். அப்புறம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, ஒரு வடையைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

"தின்னுங்க. வெறும் வயித்தோட டாக்டர்ட்ட போவாண்டாம்."

தின்றேன். அவள் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தாலும் பார்க்காததுபோல் இருந்தேன். சுடலைமுத்து என்ற பெயரில் அவள் ஒரு ரிப்போர்ட் அடித்து வைத்திருந்தாள். அமீபா காணப்படவில்லை. கீழே அவளுடைய கையெழுத்து இருந்தது. பக்கத்தில் இன்னொரு கையெழுத்துக்கு இடம் இருந்தது. அண்ணன் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு என் பெயரை எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். அதைத்தான் மாடிக்கு எடுத்துப் போனேன்.

டாக்டர் மீரான் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "எத்தன மாசமா வே?" என்று மட்டும் கேட்டார். சித்திரையில் இருந்து என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

வடிவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்து, உலையில் போட்டு, மூடிவிட்டுத்தான் திரும்பினாள்.

"சூப்பத் தொட்டில ஊத்துனது எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்களாச் சொல்லுவியன்னு இருந்தேன். மதினி அன்னைக்கே சொல்லிட்டுப் போனா."

பிறகு அழுதாள். நானும் அழுதேன். சோறு குழைந்துவிட்டது. இரண்டு பேரும் அதைத்தான் தின்றோம்.

ஜூலை 15, திங்கள்

திருநெல்வேலி. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். முந்தின நாள் முழுவதும் வயிற்றைக் கழுவ மருந்துத் தண்ணீர். கடைசியில் மோர்த்தெளிவுபோல்தான் வந்தது. இவ்வளவு சுத்தமான சாம்பிளை என் ஆயுசில் பார்த்ததில்லை என்று நர்சிடம் சொன்னேன், அந்தப் பிள்ளைக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

இடது பக்கம் ஒரு கட்டி. கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். திரையில் நானும் பார்த்தேன். வேஷம் எதுவும் போடாமல் இருந்தது.

ஜூலை 22, திங்கள்

ரிப்போர்ட் வந்தது. புற்று.

திருநெல்வேலி லேப்புக்கு நானே போன் போட்டேன். பார்த்த டாக்டரம்மாவிடம், நானும் இந்தத் தொழில்தான் என்று சொல்லிவிட்டு, "ரெண்டு பேர் பாத்தியளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் பாத்தோம் சார். தனித்தனியாத்தான் பாத்தோம். ரெண்டு பேரும் ஒண்ணுதான் சொல்லுதோம்."

சந்தோஷம் என்றேன். என்ன சந்தோஷம் என்று பக்கத்தில் நின்ற வடிவு கேட்டாள். வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்றேன்.

ஸ்கேனில் கல்லீரல் சுத்தமாக இருக்கிறது. அண்ணனுக்குப் போன இடத்துக்கு எனக்கு இன்னும் போகவில்லை. அறுத்து எடுத்துவிடலாம், பிறகு மருந்து ஏற்ற வேண்டியிருக்கும் என்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாள் நான் அமீபா வளர்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் மீரான் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூலை 27, சனி

திங்கட்கிழமை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அலமாரிச் சாவியைக் கொடுக்க லேப்புக்குப் போனேன். ஜெபராணி என் ஸ்டூலைத் துடைத்து, மைக்ராஸ்கோப்புக்கு உறை போட்டு வைத்திருந்தாள். "இதுல வேற யாரையும் உக்கார விடமாட்டேன்" என்றாள். இரண்டாவது கண்ணுக்கு என்ன செய்வாய் என்றேன். போனில் படம் பிடித்து எனக்கு அனுப்புவாளாம், நான் படுத்துக்கொண்டே பார்க்க வேண்டுமாம். தோற்றால் வடையைக் கணக்கில் வைத்துக்கொள்வாளாம்.

கிளம்பும்போது பெருமாள் புட்டியோடு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஒமக்கு வயித்துல என்னமோன்னு சொன்னாவ. என்ன வே, புழுவா?"

"இல்ல."

"அமீபாவா?"

"அதுவும் இல்ல. கட்டி."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். புட்டியை இரண்டு கைக்குள்ளும் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"புழுவா இருந்தா நல்லாருந்துருக்கும்லா" என்றார்.

"ஆமா பெருமாள். நல்லாருந்துருக்கும்."

வேறு யாரும் என்னிடம் இதைச் சொல்லவில்லை. எல்லோரும் தைரியம்தான் சொன்னார்கள். அப்புறம் அவர் கையில் இருந்த புட்டியை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தக்காளித் தோல்.